பழைய அறிவியல் திகில் படங்கள்: எதில் தொடங்கி எப்படிப் பார்ப்பது

பழைய அறிவியல் திகில் படங்களைப் பார்க்க வேண்டும் என்று ஆசையாக உட்காருகிறவர்களில் பலர் முதல் படத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். பெரும்பாலும் காரணம் வரிசைதான். எது முதலில் வந்ததோ அதை முதலில் பார்ப்போம் என்று நேராக 1931-இன் ‘ஃபிராங்கன்ஸ்டைன்’ படத்துக்குப் போய்விடுவார்கள். கறுப்பு வெள்ளை, பின்னணி இசையே இல்லாத காட்சிகள், மேடை நாடகம் போன்ற வசன உச்சரிப்பு எல்லாம் ஒரே நேரத்தில் முன்னால் வந்து நிற்கும். படம் அருமையான படம்தான். ஆனால் அதற்குள் போவதற்குக் கண்ணும் காதும் கொஞ்சம் பழகியிருக்க வேண்டும். அதனால் இங்கே சொல்லப்போகும் வரிசை வேறு: 1979 ‘ஏலியன்’, 1982 ‘தி திங்’, அங்கிருந்து ஐம்பதுகளுக்கு இறங்குவது, 1931 கடைசியில்.

இந்தப் படங்கள் இத்தனை ஆண்டுகள் கழித்தும் ஏன் பிடித்து உலுக்குகின்றன என்று கேட்டால், என் பதில் இது: இவற்றில் பயம் பூதத்தில் இல்லை, அது கிளப்பிவிடும் கேள்வியில் இருக்கிறது. பக்கத்தில் உட்கார்ந்திருப்பவன் நிஜமாகவே அவன்தானா? என் உடம்பு இன்னும் என் சொல்பேச்சு கேட்குமா? நாம் உண்டாக்கிவிட்ட ஒன்றுக்கு யார் பொறுப்பு? ராக்கெட்டும் கணினித் திரையும் இன்று பழசாகத் தெரியலாம். கேள்விகள் அப்படியே நிற்கின்றன. ஒவ்வொரு படத்தையும் பார்க்கும்போது அதன் கேள்வி எது என்று தேடுங்கள். பாதிப் படம் அதிலேயே பிடிபட்டுவிடும்.

உட்காரும் முன் சரிபார்க்க வேண்டியவை

முதலில் ஆண்டைப் பாருங்கள். இந்த வகையில் ஒரே பெயரில் பல படங்கள் உண்டு. ‘தி திங்’ என்று தேடினால் 1982 படமும் வரும், 2011 படமும் வரும். ‘பாடி ஸ்னாட்சர்ஸ்’ கதை 1956, 1978, 1993 என்று திரும்பத் திரும்பப் படமாகியிருக்கிறது. படத்தின் பெயரோடு ஆண்டையும் சேர்த்தே தேடுங்கள்.

அடுத்தது ஓடும் நேரம். வெட்டப்பட்ட பிரதியைக் கண்டுபிடிக்க இதைவிட எளிய வழி இல்லை. ‘ஏலியன்’ 117 நிமிடம். 1982 ‘தி திங்’ 109 நிமிடம். ஜப்பானிய ‘கோஜிரா’ (நாம் ‘காட்ஜில்லா’ என்பது) 96 நிமிடம். 1956 ‘இன்வேஷன் ஆஃப் தி பாடி ஸ்னாட்சர்ஸ்’ 80 நிமிடம். நீங்கள் திறந்த பிரதி இவற்றைவிடப் பத்து நிமிடம் குறைவாகக் காட்டினால் அதை மூடிவிட்டு வேறு பிரதி தேடுங்கள். ரத்தத்தை வெட்டுகிறேன் என்று ஆரம்பித்தவர்கள் அதோடு சேர்த்து அமைதியையும் வெட்டியிருப்பார்கள்.

மூல மொழியில் சப்டைட்டிலோடு பாருங்கள். டப்பிங்கைக் குறை சொல்ல வரவில்லை. ஆனால் இந்தப் படங்களில் மூச்சு, காலடி, இயந்திரத்தின் முனகல், தூரத்தில் கேட்கும் ஏதோ ஒரு சத்தம் இவைதான் பாதி வேலையைச் செய்கின்றன. டப்பிங்கில் முதலில் அடிபடுவது அந்த மெல்லிய சத்தங்கள். டிவியின் ஸ்பீக்கர் சுமாராக இருந்தால் ஹெட்போன் போட்டுக்கொள்ளலாம். கறுப்பு வெள்ளைப் படங்களுக்குப் பிற்பாடு வண்ணம் ஏற்றிய பிரதிகள் கிடைக்கும், அவை வேண்டாம். நிழலுக்காகவே ஒளியமைத்த படத்தில் சாயம் பூசினால் நிழல் போய்விடும்.

டிரெய்லர், ‘முடிவு விளக்கம்’ வீடியோ எதையும் முன்கூட்டிப் பார்க்காதீர்கள். குறிப்பாக 1978 ‘பாடி ஸ்னாட்சர்ஸ்’ படத்தின் பெயரைப் போட்டுப் படங்கள் தேடாதீர்கள். அதன் கடைசிக் காட்சியின் ஒரு சட்டகம் இணையம் முழுக்க மீமாகச் சுற்றிக்கொண்டிருக்கிறது. அதைத் தெரியாமல் அந்தக் கடைசி நொடிக்கு வந்து சேருகிறவர்கள் கொடுத்து வைத்தவர்கள்.

வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் எழுபதுகள், எண்பதுகளின் படங்களை அவர்கள் தூங்கிய பிறகு வைத்துக்கொள்ளுங்கள். 1982 ‘தி திங்’, 1986 ‘தி ஃப்ளை’ இரண்டிலும் உடம்பு சிதைவதை நேருக்கு நேர் காட்டுவார்கள். சாப்பிட்டுக்கொண்டே பார்க்கவும் வேண்டாம்.

முதல் படம்: ஏலியன் (1979)

ரிட்லி ஸ்காட் இயக்கியது. தொடங்குவதற்கு இதைவிட நல்ல வாசல் கிடையாது, ஏனென்றால் இன்றைய கண்ணுக்கு இது பழைய படமாகவே தெரியாது.

தொடக்கத்தில் வசனமே இல்லாமல் காலியான கப்பலுக்குள் கேமரா மெதுவாக நகரும். பொறுமையாக இருங்கள். ஏழு பேர் நீண்ட உறக்கத்திலிருந்து எழுந்து சாப்பிட உட்காருவார்கள். அங்கே இரண்டு பொறியாளர்கள், பார்க்கரும் பிரெட்டும், போனஸில் தங்களுக்கு ஏன் பங்கு குறைவு என்று கேட்பார்கள். இது இழுத்தடிப்பு இல்லை. இவர்கள் விண்வெளி வீரர்கள் கிடையாது, கம்பெனிக்குச் சரக்கு இழுத்துப் போகும் கூலிக்காரர்கள் என்று அந்தச் சண்டையில் தெரிந்துவிடுகிறது. பின்னால் நடக்கும் அத்தனைக்கும் வேர் அங்கேதான் இருக்கிறது. இவர்களின் உயிருக்குக் கம்பெனி என்ன விலை போட்டிருக்கிறது என்பதுதான் இந்தப் படத்தின் கேள்வி.

அந்த உயிரினத்தை வடிவமைத்தவர் சுவிட்சர்லாந்து ஓவியர் கிகர். எலும்பும் இயந்திரமும் கலந்த அவருடைய ஓவியங்களிலிருந்து அது வந்தது. உள்ளே இருந்தவர் பொலாஜி படேஜோ என்ற மிக உயரமான நைஜீரிய இளைஞர். ஆனாலும் முழுதாக வளர்ந்த ஏலியன் படம் ஓடி ஒரு மணி நேரத்துக்குப் பிறகுதான் வரும், அப்போதும் துண்டு துண்டாகத்தான் தெரியும். முழுசாகக் காட்டினால் உடைக்குள் ஒரு ஆள் இருப்பது தெரிந்துவிடும் என்று இயக்குநருக்குத் தெரியும். அதனால் ஒரு வால், ஒரு தாடை, நீராவிக்குப் பின்னால் ஒரு வளைவு என்று மட்டும் கொடுத்து மிச்சத்தை உங்களிடம் விட்டுவிட்டார்.

சாப்பாட்டு மேசைக் காட்சி வரும்போது நடிகர்களின் முகங்களைக் கவனியுங்கள். ஏதோ வெளியே வரப்போகிறது என்று அவர்களுக்குத் தெரியும். எவ்வளவு ரத்தம், எந்தப் பக்கம் தெறிக்கும் என்று சொல்லப்படவில்லை. லாம்பெர்ட் பாத்திரத்தில் நடித்த வெரோனிகா கார்ட்ரைட்டின் மேல் அது நேராகப் போய் அடித்தது. அவர் பின்வாங்கும் விதத்தில் நடிப்பு எங்கே முடிந்தது என்று சொல்ல முடியாது.

இரண்டாவது: தி திங் (1982)

இங்கே நான் கொஞ்சம் நின்று பேசப்போகிறேன். இந்த வகையின் உச்சம் இதுதான் என்பது என் உறுதியான எண்ணம்.

அண்டார்டிகாவில் ஓர் ஆய்வு நிலையம், பன்னிரண்டு ஆண்கள். பனி வெளியில் ஒரு நாய் ஓடிவருகிறது, அதைச் சுட்டுக்கொண்டே ஒரு நார்வே ஹெலிகாப்டர் துரத்துகிறது. நாயை இவர்கள் காப்பாற்றி உள்ளே விடுகிறார்கள். அது நாய் இல்லை. எந்த உயிரைத் தொட்டாலும் அதைப் போலவே, அணு பிசகாமல் ஆகிவிடக்கூடிய ஒன்று. இனி யார் யார் என்று எப்படித் தெரியும்?

இயக்குநர் ஜான் கார்பென்டர். அந்த நாய் நடைபாதையில் வரும் காட்சியைப் பாருங்கள். ஓடாது, மோப்பம் பிடிக்காது, வாலாட்டாது. ஒவ்வொரு அறை வாசலிலும் நின்று பார்த்துவிட்டு, ஒரு கதவுக்குள் நுழையும். சுவரில் ஒரு மனிதனின் நிழல் திரும்பும். அவ்வளவுதான், காட்சி முடிந்துவிடும். ஒரு துளி ரத்தம் இல்லை, சத்தம் இல்லை. அந்த நிழல் யாருடையது என்ற கேள்வி மட்டும் படம் முழுக்க உங்களோடு வரும்.

அப்புறம் ரத்தப் பரிசோதனைக் காட்சி. நிலையத்தின் ஹெலிகாப்டர் ஓட்டியான மெக்ரெடி மற்றவர்களைக் கட்டிப்போட்டு, ஒவ்வொருவரின் ரத்தத்தையும் கண்ணாடித் தட்டில் எடுக்கிறான். அவன் கணக்கு இது: அந்த ஜந்துவின் ஒவ்வொரு துண்டும் தனி உயிர், ஆகவே அதன் ரத்தமும் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளப் பார்க்கும். செப்புக் கம்பியைத் தீயில் பழுக்கக் காய்ச்சி ரத்தத்தில் வைக்கிறான். ‘ஸ்ஸ்’ என்று ஒரு சத்தம், ஒன்றும் ஆகவில்லை. அடுத்த தட்டு, மறுபடி அதே சத்தம். ஒரு தாளம் உண்டாகி, நாமும் அதற்குப் பழகி, பேச்சு வேறு பக்கம் திரும்பி, நம் கவனமும் அதோடு போகும் நேரம் பார்த்துக் கார்பென்டர் அடிக்கிறார். யாருடைய ரத்தம் என்று சொல்ல மாட்டேன். அந்தக் காட்சிக்குத் தேவைப்பட்டவை ஒரு கம்பி, சில தட்டுகள், பயந்துபோன மனிதர்கள். மிச்சமெல்லாம் தர்க்கம்.

ஜந்துவின் உருமாற்றங்களைச் செய்தவர் ராப் பாட்டின். அப்போது இருபதுகளின் தொடக்கத்தில் இருந்தார், வேலை முடிந்தபோது களைத்துப்போய் மருத்துவமனையில் சேர்ந்தார். ரப்பர், நுரை, இயந்திரக் கம்பிகள் கொண்டு படப்பிடிப்புத் தளத்திலேயே நிஜமாகச் செய்தவை அவை. நடிகர்கள் பச்சைத் திரையைப் பார்த்து அலறவில்லை, கண்ணெதிரே ஏதோ ஒன்று பிளந்துகொண்டிருந்தது. பழைய கிராஃபிக்ஸ் என்று தள்ளிவிடாமல் எடையைப் பாருங்கள், ஈரத்தைப் பாருங்கள். இசை என்னியோ மோரிக்கோனே. தொடக்கத்தில் இதயத்துடிப்புப் போல இரண்டு இரண்டாக விழும் அந்தச் சத்தத்தைத் தவறவிடாதீர்கள்.

இந்தப் படம் வெளியானபோது தோற்றது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். 1982 ஜூன் 25-இல் வந்தது. அதற்கு இரண்டு வாரம் முன்பு வந்த ‘இ.டி.’ அன்பான வேற்றுக்கிரகவாசியைக் காட்டி ஊரையே அழவைத்துக்கொண்டிருந்தது. விமர்சகர்கள் அருவருப்பு என்று ஒதுக்கினார்கள், வசூலும் இல்லை. வீடியோ கேசட்டும் தொலைக்காட்சியும்தான் அதை மீட்டுக் கொண்டுவந்தன. ஆகவே இந்த வகைப் படங்களுக்குள் நுழையும்போது வெளியான காலத்து மதிப்பெண்ணை மட்டும் நம்பி எதையும் ஒதுக்காதீர்கள்.

ஒரு வாரம் விட்டு இரண்டாம் முறை பாருங்கள். இப்போது யார் எப்போது தனியாக இருந்தார் என்று மட்டும் குறித்துக்கொண்டே வாருங்கள். முற்றிலும் வேறு படம் பார்த்தது போல இருக்கும்.

இனி கறுப்பு வெள்ளைக்கு

மேலே சொன்ன படத்தின் மூலம், ஜான் டபிள்யூ. கேம்பெல் 1938-இல் எழுதிய நெடுங்கதை. அதே கதையை 1951-இலேயே ‘தி திங் ஃப்ரம் அனதர் வேர்ல்ட்’ என்று எடுத்துவிட்டார்கள். இதைக் கறுப்பு வெள்ளைக்குப் பாலமாக வைத்துக்கொள்ளுங்கள். கதை தெரிந்திருப்பதால் மிரள மாட்டீர்கள். இங்கே உருமாற்றம் கிடையாது, ஆள் உயரத்துக்கு மேல் வளர்ந்த ஒரு தாவர மனிதன்தான் வருகிறான். ஆனால் ஒரு காட்சி போதும். ஆர்க்டிக் பனிக்கு அடியில் ஏதோ புதைந்திருக்கிறது. அதன் விளிம்பு எங்கே என்று பார்க்க ஆட்கள் ஆளுக்கொரு இடத்தில் நின்று கைகளை விரிக்கிறார்கள். மெல்ல மெல்ல அவர்கள் நிற்பது ஒரு வட்டம் என்று புரிகிறது. பறக்கும் தட்டைக் காட்டவே இல்லை, மனிதர்களை வைத்தே வரைந்துவிட்டார்கள்.

அடுத்து 1956 ‘இன்வேஷன் ஆஃப் தி பாடி ஸ்னாட்சர்ஸ்’, டான் சீகல் இயக்கியது. ஜாக் ஃபின்னியின் நாவலிலிருந்து எடுத்தது. சின்ன ஊர் மருத்துவர் ஒரு பெண்ணைப் பார்க்கப் போகிறார். தன் மாமா, மாமா இல்லை என்கிறாள். முகம் அதே முகம், குரல் அதே குரல், பழைய நினைவுகள் எல்லாம் சரியாகச் சொல்கிறார். ஆனால் பேசும்போது கண்ணில் இருக்கும் அந்த ஏதோ ஒன்று இல்லை. திகில் படங்களில் எனக்குத் தெரிந்து மிகப் பயங்கரமான காட்சிகளில் இது ஒன்று, பட்டப்பகலில் புல்வெளி வெட்டிக்கொண்டிருக்கும் மனிதரைப் பார்த்தபடி நடக்கிறது. நெருங்கியவர்களை ஆள்மாறாட்டம் என்று நம்பும் ஒரு மனநிலை மருத்துவத்திலும் உண்டு. 1923-இல் அதை விவரித்த பிரெஞ்சு மருத்துவர் கப்க்ராவின் பெயரிலேயே அது அறியப்படுகிறது. படம் அந்த நரம்பைத்தான் தொடுகிறது.

இது அன்றைய அமெரிக்காவின் கம்யூனிஸ்ட் பயமா, கம்யூனிஸ்ட் வேட்டையைப் பற்றிய பயமா என்று இன்றுவரை இரண்டு பக்கமும் வாதாடுகிறார்கள். முதல்முறை பார்க்கும்போது அந்தச் சண்டைக்குள் போகாதீர்கள். ஒன்று மட்டும் தெரிந்திருந்தால் நல்லது: தொடக்கத்திலும் முடிவிலும் வரும் மருத்துவமனைக் காட்சிகள் ஸ்டுடியோவின் வற்புறுத்தலால் பிறகு சேர்க்கப்பட்டவை. நெடுஞ்சாலையில் ஒருவன் வண்டிகளை நிறுத்தக் கத்தும் இடத்தில் முடிந்திருக்க வேண்டிய படம் அது.

கோஜிராவை ஜப்பானிய மொழியில் பாருங்கள்

‘காட்ஜில்லா’ என்றாலே கட்டடம் இடிக்கும் கலாட்டா என்று நினைத்திருந்தால், 1954-இன் மூலப்படம் உங்களை உட்காரவைத்துவிடும். இஷிரோ ஹோண்டா இயக்கியது. 1956-இல் அமெரிக்கர்கள் ரேமண்ட் பர் என்ற நடிகரை நிருபராகச் செருகி, நிறைய வெட்டி ஒரு பதிப்பு வெளியிட்டார்கள். முதலில் அதைப் பார்த்துவிடாதீர்கள்.

பின்னணி தெரிந்தால் படத்தின் கனம் கூடும். 1954 மார்ச் 1-ஆம் தேதி பிகினி தீவில் அமெரிக்கா ஹைட்ரஜன் குண்டைச் சோதித்தது. அதன் சாம்பல் ஒரு ஜப்பானிய மீன்பிடிப் படகின்மேல் விழுந்து, அதிலிருந்த 23 பேரும் கதிர்வீச்சால் பாதிக்கப்பட்டார்கள். செப்டம்பரில் அவர்களில் ஒருவர் இறந்தார். நவம்பர் 3-ஆம் தேதி படம் வெளியானது. படத்தின் முதல் காட்சி: கடலில் ஒரு படகு, ஒரு வெளிச்சம், தீ. அன்று திரையரங்கில் உட்கார்ந்திருந்தவர்களுக்கு விளக்கம் தேவைப்பட்டிருக்காது.

தோக்கியோ எரியும்போது ஒரு தாய் தெருவோரம் குழந்தைகளை அணைத்துக்கொண்டு, சீக்கிரம் அப்பாவிடம் போய்விடலாம் என்பாள். அடுத்த நாள் மருத்துவமனையில் ஒரு குழந்தையின்மேல் கதிர்வீச்சு அளக்கும் கருவியை நீட்டுவார்கள், அது கடகடவென்று அடிக்கும். அந்த இடத்தில் உடைக்குள் ஆள் இருக்கிறார், நகரம் பொம்மை என்பதெல்லாம் மறந்துபோகும். கோஜிராவின் கர்ஜனை, இசையமைப்பாளர் அகிரா இஃபுகுபேயின் வேலை. தோல் கையுறையால் டபுள் பாஸ் என்ற பெரிய தந்தி வாத்தியத்தின் தந்திகளை உரசி எடுத்த சத்தம். ஹெட்போனில் கேட்டால் அந்த உரசல் தெரியும்.

இதே ஆண்டில் வந்த ‘தெம்!’ (அணுச் சோதனையால் ராட்சதமான எறும்புகள்), ‘கிரியேச்சர் ஃப்ரம் தி பிளாக் லகூன்’ இரண்டையும் நேரம் கிடைத்தால் பாருங்கள், கட்டாயம் இல்லை. அந்தக் காலத்து அலை நம் ஊரையும் தொட்டது. 1952-இல் சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் ஓர் அமெரிக்க நிறுவனத்தோடு சேர்ந்து ‘தி ஜங்கிள்’ எடுத்தது. தமிழில் அது ‘காடு’. அழிந்துபோன, உடம்பெல்லாம் ரோமம் அடர்ந்த மாமூத் யானைகள் இந்தியக் காட்டில் கிளம்பி வருவதாகக் கதை. படமாக அது சுமார்தான், என்றாலும் சேலத்துக்கு அப்படி ஒரு கதை உண்டு என்பது எனக்குப் பெருமை.

கடைசியாக ஃபிராங்கன்ஸ்டைன் (1931)

இப்போது தயாராகிவிட்டீர்கள். இயக்கம் ஜேம்ஸ் வேல், சுமார் 70 நிமிடம். மேரி ஷெல்லி 1818-இல் வெளியிட்ட நாவல்தான் அடிப்படை, ஆனால் படம் தன் வழியில் போகும். தொடக்க எழுத்தில், பிணத் துண்டுகளைத் தைத்து ஒரு விஞ்ஞானி உயிர் கொடுக்கும் உருவமாக நடித்தவர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கேள்விக்குறி மட்டும் இருக்கும். அவர்தான் போரிஸ் கார்லோஃப்.

கதவைத் திறந்து பின்பக்கமாக நுழைகிறார், மெதுவாகத் திரும்புகிறார். பிறகு கூரைச் சன்னலை விஞ்ஞானி திறக்க, மேலிருந்து வெளிச்சம் விழுகிறது. பிறந்ததிலிருந்து இருட்டில் இருந்த அந்த உருவம் தலை தூக்கி, கைகளை உயர்த்தி, வெளிச்சத்தைப் பிடிக்கப் பார்க்கிறது. சன்னலை மூடிவிடுகிறார்கள். கைகள் காலியாக நிற்கின்றன. ஒரு வசனம் கூட இல்லாமல் அது யாரென்று நமக்குத் தெரிந்துவிடும்.

ஏரிக்கரையில் சிறுமி மரியா வரும் காட்சி உங்கள் பிரதியில் முழுதாக இருக்கிறதா என்று பாருங்கள். இருவரும் பூக்களைத் தண்ணீரில் போட்டு மிதக்கவிட்டு விளையாடுவார்கள். பூ தீர்ந்துவிடும். இவளும் மிதப்பாள் என்று நினைத்து அது அவளைத் தூக்கிப் போட்டுவிடும். தணிக்கையாளர்கள் இந்தக் கடைசித் துண்டை வெட்டினார்கள். விளைவு, அது அவளை நோக்கிக் கை நீட்டுவதோடு காட்சி நின்று, அடுத்து தந்தை பிணத்தைச் சுமந்து வருவதை மட்டும் பார்த்த பல தலைமுறைகள் அங்கே என்னென்னவோ நடந்ததாகக் கற்பனை செய்துகொண்டன. எண்பதுகளில் அந்தத் துண்டு திரும்பச் சேர்க்கப்பட்டது. தவறு புரிந்து அந்த உருவம் பதறுவதைப் பார்த்தால்தான், பொறுப்பு யாருடையது என்ற படத்தின் கேள்வி முழுதாக வந்து சேரும்.

இதற்கு மேல் எங்கே போவது

எது உங்களைப் பிடித்ததோ அந்தப் பக்கம் போங்கள். சந்தேகம்தான் பிடித்தது என்றால் 1978 ‘பாடி ஸ்னாட்சர்ஸ்’. சின்ன ஊர் போய் சான் ஃபிரான்சிஸ்கோ வந்திருக்கும், நெரிசலான நகரத்தில் யாரும் யாரையும் கவனிக்காததே ஆபத்தாக மாறியிருக்கும். 1956 படத்தின் நாயகன் கெவின் மெக்கார்த்தி ஓர் இடத்தில் வருவார், கண்டுபிடியுங்கள்.

உடம்பு பற்றிய பயம் என்றால் டேவிட் குரோனென்பெர்க்கின் ‘தி ஃப்ளை’ (1986). 1958-இல் வந்த அதே பெயர்ப் படத்தை முதலில் பார்க்க வேண்டிய அவசியமில்லை. தான் காதலிக்கும் ஒருவரின் உடம்பு நாளுக்கு நாள் கெட்டுப்போவதை ஒரு பெண் பக்கத்தில் இருந்து பார்க்கிறாள். வீட்டில் நீண்ட நாள் நோயாளியைப் பார்த்துக்கொண்டவர்களுக்கு இது வேறு விதமாக வலிக்கும், மனம் தெம்பாக இருக்கும் நாளில் பாருங்கள். அதே பயத்தைக் கவிதையாகப் பார்க்க வேண்டுமா, 1960-இல் ஜார்ஜ் ஃபிரான்ஜு எடுத்த பிரெஞ்சுப் படம் ‘ஐஸ் வித்தவுட் எ ஃபேஸ்’ இருக்கிறது.

கார்லோஃபின் அந்தக் கைகள் மனதில் நின்றுவிட்டால், அதே இயக்குநர் 1935-இல் எடுத்த ‘பிரைட் ஆஃப் ஃபிராங்கன்ஸ்டைன்’. அதில் அந்த உருவம் ஒரு பார்வையற்ற முதியவரின் குடிசையில் தங்கி, ரொட்டி, ஒயின், நண்பன் என்று ஒவ்வொரு சொல்லாகப் பேசக் கற்றுக்கொள்ளும். முதல் பாகத்தைவிட இது நல்ல படம் என்று சொல்பவர்கள் நிறைய பேர், நானும் அந்தக் கட்சி.